அடிமையும் வேலைக்காரனும்: தமிழ் விவிலியச் சொல்லாட்சியும் புனேயின் 'குலாம்கிரி'யும்

ஜோதிராவ் புலே (1827-1890) மராத்தியில் எழுதிய 'குலாம்கிரி' 1873ஆம் ஆண்டு வெளிவந்தது. புனே நகரத்துச் சூத்திரர், அதிசூத்திரர் நிலையைப் பேசும் அந்நூல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அகற்ற அவர்கள் மேற்கொண்ட தன்னலமற்ற முயற்சியைப் போற்றியே அக்காணிக்கை அமைந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது 1865இல். எட்டாண்டுகளுக்குள் அச்செய்தி மராட்டிய மண்ணின் சாதி விமரிசனத்திற்கு ஓர் ஒப்புமையாக வந்து சேர்ந்துவிட்டது. அடிமையாக்கப்பட்ட ஆப்பிரிக்கர் பிடித்துக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்டனர். சூத்திரரும் அதிசூத்திரரும் தம் மண்ணிலேயே வெல்லப்பட்டு அடிமையாக்கப்பட்டனர். இவ்வொன்றைத் தவிர இருவர் நிலைக்கும் வேறுபாடில்லை என்பது புலேயின் வாதம்.

இவ்வொப்புமையின் பின்னணியில் கேட்கப்படாத வினா ஒன்று உள்ளது. அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் போராடியோரும் அதனைக் காக்கப் போராடியோரும் ஒரே மறைநூலைக் கையில் ஏந்தியிருந்தனர். அம்மறைநூல் அடிமையைப் பற்றி உண்மையில் என்ன கூறுகிறது? அது இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டபோது அடிமை என்னும் ஆளுக்கு எச்சொல் வழங்கப்பட்டது? மராத்தியிலும் தமிழிலும் அச்சொல் வேறுவேறு வழியில் சென்றது. அவ்வேறுபாட்டையும் அதன் சமூக விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மறைநூலின் இருமுகம்

எபிரேய மொழியில் 'எபெத்' என்பதும் கிரேக்கத்தில் 'தூலோஸ்' என்பதும் அடிமையைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள். பழைய ஏற்பாட்டின் சட்டப்பகுதிகள் அடிமைமுறை நிலவுவதை ஏற்றுக்கொண்டு, அதற்கு வரம்பு கட்ட முயல்கின்றன. யாத்திராகமம் 21ஆம் இயலின்படி, எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்து ஏழாம் ஆண்டில் விலையின்றி வெளியேறலாம். ஆளைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை. எசமானன் அடித்ததில் அடிமையின் கண்ணோ பல்லோ போனால், அதற்கு ஈடாக அவ்வடிமைக்கு விடுதலை. ஆயின் அதே இயலில், அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால் எசமானனுக்குத் தண்டனை இல்லை என்றும் கூறப்படுகிறது. அவன் எசமானனின் பணத்துக்குச் சமம் என்பதே அங்குக் காட்டப்படும் காரணம். ஆளாகவும் பொருளாகவும் ஒருவனையே ஒரே இயல் கருதும் இம்முரண், பின்வந்த நூற்றாண்டுகளின் வாதங்கள் அனைத்திற்கும் வித்தாயிற்று.

லேவியராகமம் 25ஆம் இயல், இஸ்ரயேலரை அடிமையாக நடத்தலாகாது என்று தடுத்துவிட்டு, அயலாரை வழிவழியாக உடைமை கொள்ள இடமளிக்கிறது. உபாகமம் இதனினும் ஈரம் மிக்கது. விடுதலை பெறும் அடிமையை வெறுங்கையோடு அனுப்பலாகாது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது 15ஆம் இயல். தப்பி வந்த அடிமையை எசமானனிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது 23ஆம் இயல். பண்டைய மேற்காசியச் சட்டங்களோடு ஒப்பிடும்போது இக்கட்டளையின் தனித்தன்மை புலப்படும். அம்முராபியின் சட்டம் தப்பியோடிய அடிமைக்கு அடைக்கலம் தந்தவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. என்னைக் கருவில் உருவாக்கியவரே என் அடிமையையும் உருவாக்கினார் என்று யோபு நூல் 31ஆம் இயலில் வாதிடுகிறது. எரேமியா 34ஆம் இயலோ, முற்றுகைக்கு அஞ்சி அடிமைகளை விடுவித்துவிட்டு, அச்சம் நீங்கியதும் அவர்களை மீண்டும் பிடித்துக்கொண்ட எருசலேம் செல்வரைக் கடுமையாகச் சாடுகிறது.

புதிய ஏற்பாட்டிலும் இருமுகம் தொடர்கிறது. கிறித்துவுக்குள் அடிமையும் இல்லை, தன்னுரிமையாளரும் இல்லை என்பது கலாத்தியர் 3:28இன் கருத்து. எபேசியர் 6, கொலோசையர் 3, தீத்து 2 ஆகியவற்றில் அமைந்த குடும்ப ஒழுக்கப் பகுதிகளோ அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்கின்றன. கடுமையான எசமானருக்கும் பணியுமாறு கூறும் 1 பேதுரு 2ஆம் இயல், அங்கு 'ஒய்கெதேஸ்' என்னும் வீட்டடிமையைக் குறிக்கும் சொல்லை ஆள்கிறது. எசமானருக்கும் அறிவுரை உண்டு: அச்சுறுத்தலை விடுங்கள், நீதியானதைக் கொடுங்கள், உங்களுக்கும் மேலே ஒரு தலைவர் உண்டு என்பன அவை. 1 கொரிந்தியர் 7:21இன் கிரேக்கத் தொடர், விடுதலை வாய்த்தால் அதனைப் பயன்கொள் என்றும், அடிமை நிலையையே பயன்கொள் என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இடந்தருவது. உரையாசிரியர்கள் இன்றுவரை அதில் ஒன்றுபடவில்லை. பிலமோனுக்கு எழுதிய சிறுமடல், ஒநேசிமு என்னும் அடிமையை அவனுடைய எசமானனிடமே திருப்பி அனுப்புகிறது; அனுப்பும்போதே அவனை அடிமையாக அன்று, உடன்பிறந்தானாக ஏற்கச் சொல்கிறது. அமெரிக்காவில் அடிமையைத் திருப்பி ஒப்படைக்கும் சட்டத்தை ஆதரித்தோர் மடலின் முற்பாதியையும், எதிர்த்தோர் பிற்பாதியையும் காட்டினர்.

அனைத்தையும் ஒருங்கே நோக்கும்போது, அடிமைமுறையை ஒழி என்று நேரே கட்டளையிடும் தொடர் மறைநூலில் இல்லை. அதனை நிலைநிறுத்து என்னும் கட்டளையும் இல்லை. ஆகவே மறைநூலைப் படிப்பவர் எங்கு நின்று படிக்கிறார் என்பது பெரிதும் முதன்மை பெறுகிறது. மொழிபெயர்ப்பாளரும் ஒருவகைப் படிப்பாளரே.

தமிழில் 'அடிமை'

விவிலியம் தமிழுக்கு வந்தபோது அடிமை என்னும் சொல் வெற்றுச் சொல்லாக இல்லை. அதற்குப் பத்திமைப் பொருளும் பத்திரப் பொருளும் ஒருங்கே இருந்தன. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் இவ்விரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் பிணைக்கிறது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வரும் முதிய அந்தணர், மணமகன் தமக்கு வழியடிமை என்கிறார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலையைச் சான்று காட்டுகிறார். சுந்தரர் அவ்வோலையைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அங்கு மூல ஓலை வெளிப்படுகிறது. பாட்டனின் கையெழுத்து ஒப்பிட்டு நோக்கப்படுகிறது. சேக்கிழார் காலத்து அவையோருக்கு ஆளோலை, மூல ஓலை, சான்று, ஒப்பீடு ஆகிய நடைமுறைகள் நன்கு அறிமுகமானவை என்பதை இப்புராணம் உணர்த்துகிறது. வழக்கில் தோற்ற அடிமை இறைவனின் தோழனாகிறார் என்பது பத்திமையின் திருப்பம். அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் உண்டோ என்று அங்குச் சுந்தரர் எழுப்பும் வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. யார் அடிமையாகலாம், யார் ஆகலாகாது என்ற வரையறை சமூகத்தில் நிலைபெற்றிருந்ததை அது காட்டிவிடுகிறது.

கல்வெட்டுகளின் சான்று பத்திமையின் குளிர்ச்சி அற்றது. கி.பி. 1201ஐச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சக் கொடுமையால் வேளாளர் ஒருவர் தம் இரு புதல்வியரோடு 110 காசுக்குக் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டதைப் பதிவு செய்கிறது. கோயிலடிமைகளுக்குச் சூல முத்திரை பொறிக்கப்பட்ட வழக்கமும் கல்வெட்டுகளால் அறியப்படுகிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, தமிழகத்தில் அடிமைமுறை இருந்ததே இல்லை என்ற பொதுக் கருத்தை மறுத்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து டச்சுக்காரர் அடிமைகளைக் கப்பலேற்றினர். பஞ்சமும் போரும் மிகுந்த ஆண்டுகளில் அவ்வணிகம் பெருகியது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை டச்சு ஆட்சியில் தொகுக்கப்பட்டபோது அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன.

இச்சூழலிலேயே சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1707 மே மாதத்தில் அவரும் புளூட்சோவும் முதன்முதலாகத் திருமுழுக்கு அளித்த ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகளே. தமிழகச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கம் அடிமைகளிடமிருந்து என்பது திருச்சபை வரலாறுகளில் ஒரு வரியோடு முடிந்துவிடும் செய்தி. திருமுழுக்குப் பெற்ற அடிமை அடிமையாகவே நீடிக்கலாமா என்னும் வினா அக்காலத்துக் குடியேற்றங்கள் எங்கும் எழுந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றம், திருமுழுக்கு எவருக்கும் விடுதலை தராது என்று 1667இலேயே சட்டம் இயற்றி அவ்வினாவுக்குத் தாழிட்டுவிட்டது.

ஒரு சொல், நான்கு பெயர்ப்பு

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதன்பின் பப்ரிசியசு, இரேனியசு முதலியோர் உழைப்பைக் கடந்து, பவரின் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. அம்மொழிபெயர்ப்பில் 'தூலோஸ்' என்னும் ஒரு கிரேக்கச் சொல் எங்கெங்கு எவ்வெவ்வாறு பெயர்க்கப்பட்டுள்ளது என்பதை ஒப்பிட்டால் வியப்பான ஓர் ஒழுங்கு தென்படுகிறது.

பவுல் தம்மைக் கிறித்துவின் 'தூலோஸ்' என்று உரோமையர் மடலின் முதல் வரியில் அறிமுகம் செய்துகொள்ளும்போது தமிழ் அவரை 'ஊழியக்காரன்' என்கிறது. பழைய ஏற்பாட்டில் மோசே கடவுளின் 'எபெத்' எனப்படும்போது 'தாசன்' என்கிறது. பிலிப்பியர் 2:7இல் கிறித்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டு ஏற்ற வடிவத்தை 'அடிமை' என்றே சொல்கிறது. கலாத்தியர் மடலிலும் பிலமோன் மடலிலும் 'அடிமை' என்பதே. வானதூதருக்கு மறுமொழி கூறும் மரியாளும் தம்மை 'அடிமை' என்கிறார். அங்கு மூலத்தில் உள்ளது 'தூலோஸ்' என்பதன் பெண்பால் வடிவம். ஆனால் எபேசியர், கொலோசையர், தீத்து மடல்களில், எசமானருக்குக் கீழ்ப்படியுமாறு கட்டளையிடப்படுவோர் 'வேலைக்காரர்' ஆகிவிடுகின்றனர். 1 தீமோத்தேயு 6:1இல் நுகம் என்னும் உருவகம் மூலத்திலேயே இருப்பதால் அடிமைத்தனம் என்ற சொல்லை விலக்க முடியவில்லை. ஆயினும் அந்நுகத்தின் கீழ் உள்ள ஆள் அங்கும் வேலைக்காரரே.

ஆங்கிலத்தின் 1611ஆம் ஆண்டு அரசாணை மொழிபெயர்ப்பைப் பின்பற்றியதால் இவ்வாறு நேர்ந்தது என்று எளிதாகக் கூறிவிட இயலாது. அவ்வாங்கில மொழிபெயர்ப்பு எபேசியரில் பணியாள் என்று பொருள்படும் சொல்லையே ஆள்கிறது. பிலிப்பியரிலும் பிலமோனிலும் அதே சொல்லையே ஆள்கிறது. ஜெர்மானிய மரபில் லூத்தர் எபேசியரில் வழங்கிய சொல்லும் பண்ணையாளையோ ஏவலாளையோ குறிப்பது. தமிழ் மொழிபெயர்ப்போ பிலமோனிலும் பிலிப்பியரிலும் ஆங்கிலத்தைவிட வெளிப்படையாக 'அடிமை' என்கிறது. எனவே அச்சொல் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாததன்று. கூச்சம் தந்ததும் அன்று. இறைவனுக்கு முன் தாழ்வு பேசுமிடத்தும், அடிமை நிலை இனி இல்லை என்று பேசுமிடத்தும் அது தயங்காமல் வருகிறது. மனிதன் மனிதனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் இடத்தில் மட்டும் விலகிக்கொள்கிறது.

இதனை மொழிபெயர்ப்பாளரின் உள்நோக்கம் எனக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. 1871இல் அடிமை என்பது சட்டத்தின் கண்ணில் இல்லாத ஆள். திருச்சபையில் அமர்ந்து கேட்போரைப் பார்த்து 'அடிமைகளே' என விளித்துப் படிப்பது மேய்ப்பருக்கு இயலாததாகவும் தோன்றியிருக்கலாம். எனினும் விளைவு வேறு. முதல் நூற்றாண்டின் அடிமைக்குச் சொல்லப்பட்ட அச்சமும் நடுக்கமும் கலந்த பணிவு, கூலிக்கு உழைக்கும் ஆளின் கடமையாகத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. கூலியாள் எசமானனை விட்டு விலகலாம். அடிமைக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடு அழிந்தபோது, விலகும் உரிமை உடையவன்மீது விலக இயலாதவனின் ஒழுக்கம் சுமத்தப்பட்டது. பேச்சு வழக்கில் இச்சொல்லுக்குள்ள இழிபொருளும் கருதத்தக்கது. வீட்டுப் பணிப்பெண்ணை 'வேலைக்காரி' என்று இன்றும் குறிப்பிடும் குடும்பங்களில் இத்திருவசனம் எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் சொல்லும்

இச்சொல் மாற்றத்திற்கு இணையாகச் சட்டத்திலும் ஒரு சொல் மாற்றம் நிகழ்ந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமைகளை விடுவித்ததாகப் பொதுவாகக் கூறப்படும். உண்மையில் அச்சட்டம் எவரையும் அழைத்து விடுதலை அறிவிக்கவில்லை. ஒருவர் அடிமை என்னும் கோரிக்கையை நீதிமன்றங்கள் இனி ஏற்கமாட்டா என்றே அது விதித்தது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோதுதான். திருவிதாங்கூரில் மிஷனரிகள் 1847இல் மன்னரிடம் விண்ணப்பித்தனர். 1855இல் அடிமை ஒழிப்பு அறிக்கை வெளியாயிற்று.

இவற்றின்பின் அரசின் ஏடுகளில் அடிமை இல்லை. படியாளும் பண்ணையாளும் இருந்தனர். 1859ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைத் தண்டிக்க வழிசெய்தது. அடிமை வேலையாளாகப் பெயர் மாறினான். விலகினால் தண்டனை என்னும் நிலை மாறவில்லை. அச்சட்டம் நீக்கப்பட்டது 1925இல். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் தனிச்சட்டம் தேவைப்பட்டதே முன்னைய சட்டங்களின் போதாமைக்குச் சான்று.

செங்கற்பட்டு மாவட்டத்தில் இந்நிலையை வெளிக்கொணர்ந்தோரில் இரு மிஷனரிகள் குறிப்பிடத்தக்கவர்: வெசிலியன் சபையின் வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ. கடனால் கட்டுண்ட பறையர் குடும்பங்கள் மனைக்கட்டு உரிமையும் இன்றி மிராசுதாரரின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய குறிப்பும் அதனையே பேசிற்று. அதன் விளைவாக 1892 செப்டம்பரில் சென்னை அரசின் 1010ஆம் எண் ஆணை வெளிவந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்படும் ஒதுக்கீடு இவ்வாணையை ஒட்டி எழுந்தது. ரூபா விசுவநாத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, அரசும் நிலவுடைமையாளரும் இச்சிக்கலை அடிமைமுறை என்று பெயரிடாமல் சமயச் சிக்கலாகவும் சமூகச் சிக்கலாகவும் மடைமாற்றியதை விரிவாக விளக்குகிறது. ஞாயிறுதோறும் 'வேலைக்காரர்' என்று வாசித்த சபைகளைச் சேர்ந்த மிஷனரிகளே, வார நாட்களில் அவ்வேலைக்காரர் உண்மையில் அடிமைகள் என்று அரசுக்கு எழுதினர்.

புனேயின் சொல் தேர்வு

புனேயிலும் அடிமைமுறை அயலிலிருந்து கேள்விப்பட்ட செய்தி அன்று. பேஷ்வாக்களின் ஆட்சியில் 'குண்பிண்' எனப்பட்ட அடிமைப் பெண்கள் அரசின் பணியிடங்களிலும் செல்வர் இல்லங்களிலும் உழைத்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்நிலையே வாய்த்தது. 1818இல் அவ்வாட்சி முடிந்து ஒன்பது ஆண்டுகளில் புலே பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவரை வளர்த்த சகுணாபாய், மிஷனரி ஒருவரிடம் பணிபுரிந்தவர் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1841 முதல் 1847 வரை புலே பயின்றது ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில்.

அப்பள்ளியின் காலத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுற்றுச் சுயாதீனத் திருச்சபை தோன்றியபோது இந்தியாவிலிருந்த அதன் மிஷனரிகள் அனைவரும் புதிய சபையின் பக்கம் நின்றனர். நிதிக்கு அல்லலுற்ற அப்புதிய சபை 1844இல் அமெரிக்காவுக்குத் தூதுக்குழுவை அனுப்பியது. அடிமை உடைமையாளர் மிகுந்த தென்மாநிலச் சபைகளிலிருந்தும் பணம் வந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்து நகரங்கள்தோறும் சென்று, அப்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று முழங்கினார். சபையின் தலைவர்கள் மறுத்தனர். அடிமைமுறை தீமையே, ஆயினும் அடிமை வைத்திருந்தோரைத் திருத்தூதர்கள் திருச்சபையில் ஏற்றுக்கொண்டனரே என்பது அவர்களின் வாதம். எபேசியரும் பிலமோனும் அவ்வாதத்திற்குத் துணையாயின. பணம் திருப்பி அனுப்பப்படவில்லை. புலேயின் பெண்கல்வி முயற்சிக்குத் தூண்டுதலாகக் கூறப்படும் அகமத்நகர்ப் பள்ளியை நடத்திய அமெரிக்க மிஷன் வாரியமும் இதே குற்றச்சாட்டுக்கு உள்ளாயிற்று; அதன் மெத்தனத்தை எதிர்த்தோர் 1846இல் தனிச் சங்கம் அமைத்தனர்.

இவ்வழக்காடல் புனே வகுப்பறையை எட்டியதற்குச் சான்று காட்ட இயலாது. எட்டியிருந்தாலும் புலே மாணவர். அவர் எடுத்துக்கொண்டது மனித சமத்துவம் என்னும் கருத்தை. 1847 அளவில் அவர் படித்த தாமஸ் பெயினின் நூலும் அதற்கு உரமூட்டிற்று. கிறித்தவத்தில் அவரை ஈர்த்தவர் நற்செய்திகளின் இயேசுவே அன்றி, வீட்டொழுக்கம் வகுத்த மடலாசிரியர் அல்லர். 'குலாம்கிரி'யில் இயேசு, மராட்டிய உழவர் வழக்காறு போற்றும் பலிராஜாவுடன் இணைத்துப் பேசப்படுகிறார். புலே கிறித்தவராகவில்லை. அவருடைய இறுதிநூலான 'சார்வஜனிக் சத்யதர்ம புஸ்தக்' 1891இல், அவர் மறைந்த பின் வெளிவந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பௌத்தராகவும் ஒருவர் கிறித்தவராகவும் ஒருவர் இசுலாமியராகவும் இருந்து அன்புடன் வாழலாம் என்கிறது அது.

நூலின் தலைப்புச் சொல் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. மராத்தி விவிலியம் 'தூலோஸ்' என்பதைப் பொதுவாக 'தாஸ்' என்றே பெயர்க்கிறது. பவுலும் தாஸ், எபேசியரில் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டியவரும் தாஸ். தமிழில் காணப்படும் பிளவு அங்கு இல்லை. ஆனால் 'தாஸ்' என்னும் சொல் மராட்டியத்தில் பத்திமை மணம் தோய்ந்தது. சமர்த்த ராமதாசரின் பெயரிலேயே அது உறைகிறது. தாஸ்யம் ஒன்பது வகைப் பத்திகளுள் ஒன்று. சூத்திரன் பணிசெய்யவே படைக்கப்பட்டான் என்னும் மனுவின் விதியும் அதே சொல்வட்டத்தைச் சேர்ந்தது. புலே தம் நூலுக்குத் 'தாஸ்யம்' என்று பெயரிட்டிருந்தால், கண்டிக்க வந்த நிலைக்கே ஒரு புனித ஒளி ஏறியிருக்கும். அரபு, பாரசீக வழியாக வந்த 'குலாம்' என்னும் சொல்லில் அவ்வொளி இல்லை. சந்தையும் சங்கிலியும் மட்டுமே உண்டு. அவர் இவ்வாறு கருதியே அச்சொல்லைத் தேர்ந்தார் என்று அவரே எழுதிவைக்கவில்லை. எனினும் கோயில், மடம், சாத்திரம் ஆகியவற்றின் வழி அடிமைத்தனம் மனத்தில் பதிகிறது என்று வாதிடும் நூலுக்கு, அவற்றின் தீட்டுப்படாத சொல்லே பொருந்தும். தமிழில் இத்தகைய சொல் இல்லாமை ஓர் இடர். சேக்கிழாரின் ஆளோலையும் திருப்பாம்புரத்து 110 காசும் 'அடிமை' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

புனேயில் மறைநூலோடு நேரடியாக மல்லாடியவர் பண்டித ரமாபாய் (1858-1922). 1886 முதல் 1888 வரை அமெரிக்காவில் பயணம் செய்து அந்நாட்டைப் பற்றி மராத்தியில் 1889இல் நூல் எழுதினார். 1890இல் சாரதா சதனத்தைப் புனேக்கு மாற்றினார். பஞ்சத்தில் ஆதரவிழந்த பெண்களைத் திரட்டிப் புனேயை அடுத்த கேட்காவில் 'முக்தி' இல்லத்தை வளர்த்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மராத்தியில் தாமே பெயர்த்தார். வடமொழிச் செறிவு மிகுந்த முந்தைய நடையை விலக்கி, எழுத்தறிவு குறைந்த பெண்ணுக்கும் புரியும் மொழியைத் தேடியது அப்பணி. முக்தி இல்லத்துப் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். ரமாபாய் மறைந்து ஈராண்டுகளுக்குப் பின், 1924இல் முழு விவிலியமும் வெளிவந்தது. பஞ்சத்தில் விற்கப்படும் நிலையில் இருந்த பெண்கள், ஆளைத் திருடி விற்பவனைக் கண்டிக்கும் வசனங்களைத் தம் கையால் அச்சுக்கோத்தனர் என்பது மறைநூல் மொழிபெயர்ப்பு வரலாற்றில் அரிய செய்தி.

அடிமை என்னும் சொல்லை மீண்டும் தலைகீழாக்கியவரும் மராட்டிய மண்ணிலிருந்து வந்தவரே. அரவிந்த் நிர்மல் 1980களில் பெங்களூரிலும் பின்னர்ச் சென்னைக் குருகுல் இறையியல் கல்லூரியிலும் தலித் இறையியலை உருவாக்கியபோது, எசாயா நூலின் துன்புறும் ஊழியனையும் பிலிப்பியர் மடலின் அடிமை வடிவத்தையும் மையமாகக் கொண்டார். ஏவல் செய்வது தலித்துகளின் சாதிக் கடமை என்றே சமூகம் விதித்தது. கடவுளே ஏவலாளராயின் அவ்விதியின் இழிவு யாரைச் சேரும் என்பது அவர் எழுப்பிய வினா. இவ்விறையியலைத் தொடர்ந்து வந்தோருள் சிலர் இதற்கு மறுப்பும் கூறியுள்ளனர். பணிவே இறைத்தன்மை என்பது, ஏற்கெனவே பணிந்து கிடப்போருக்கு மீண்டும் பணிவையே போதிப்பதாக முடியலாம் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று.

தமிழில் 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு, எபேசியரிலும் கொலோசையரிலும் 'அடிமைகளே' என்ற விளியை மீட்டுத் தந்தது. 1 பேதுருவில் மட்டும் மூலச் சொல்லின் வேறுபாட்டை ஒட்டி வீட்டு வேலையாள் என்றது. பவுல் அதிலும் அடிமை ஆகவில்லை, 'பணியாளன்' ஆகியுள்ளார். மரியா 'அடிமை'யாகவே தொடர்கிறார். ஆணுக்குப் பணி, பெண்ணுக்கு அடிமை என்னும் இப்பிரிவினை இருவேறு நூற்றாண்டுகளின் இருவேறு மொழிபெயர்ப்புக் குழுக்களையும் கடந்து நிற்பது தனியே ஆராயத்தக்கது. கத்தோலிக்கர் வழிபாட்டில் இப்புதிய மொழிபெயர்ப்பு நிலைபெற்றுவிட்டது. சீர்திருத்தச் சபைகளின் திருப்பீடங்களில், தமிழகத்திலும் புனே, மும்பை நகரங்களின் தமிழ்ச் சபைகளிலும், 1871இன் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பே இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. எபேசியர் ஆறாம் இயல் வரும் ஞாயிறுகளில் அங்கு விளிக்கப்படுவோர் வேலைக்காரரே.